மென்பொருள் சோதனை: திட்டமிடலும் குழுவை வழிநடத்தலும்

முன்னுரை

ஒரு நூல் எழுதி முடிக்கப்பட்டவுடன் அது நூலாகிவிடுவதில்லை என்பது தமிழர் போற்றிய மரபு. அறிஞர் அவையில் அரங்கேறி, வினாக்களுக்கு விடையிறுத்து, ஏற்புப் பெற்ற பின்னரே அது உலகிற்கு உரியதாயிற்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பனம்பாரனார் இயற்றிய சிறப்புப்பாயிரம் கூறுகிறது. இச்செய்தியில் மூவர் இடம்பெறுகின்றனர். நூலை ஆக்கியவர் ஒருவர். குற்றம் தீர ஆராய்ந்து கேட்டவர் மற்றொருவர். இவ்விருவர் பணியும் முறையாக நடைபெற இடமளித்த அவைத்தலைவர் இன்னொருவர்.

இன்று நம் கைப்பேசியிலும் கணினியிலும் இயங்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் இம்மூவர் தேவைப்படுகின்றனர். நிரலர் ஆக்குகிறார், சோதனையாளர் ஆராய்கிறார், சோதனை மேலாளர் அவ்வாய்வுக்கு வேண்டிய காலத்தையும் ஆளையும் ஒழுங்கையும் வகுத்துத் தருகிறார். இவர்களுள் மூன்றாமவரின் பணியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மென்பொருள் சோதனை கணினித் துறையினர்க்கு மட்டுமே உரியது என்று கருத வேண்டியதில்லை. வினாத்தாள் அமைத்தல், விடைத்தாள் திருத்துதல், தவறு செய்தவர் மனம் நோகாமல் தவறைச் சுட்டுதல் ஆகிய ஆசிரியப் பணிகளுக்கும் இதற்கும் நெருங்கிய ஒப்புமை உண்டு.

தவறு, குறை, பிறழ்வு

அன்றாடப் பேச்சில் 'பிழை' என்னும் ஒரு சொல்லாலேயே எல்லாவற்றையும் குறிக்கிறோம். சோதனைப் பணியில் மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். மனிதர் செய்வது தவறு. அத்தவற்றால் நிரலில் தங்கிவிடுவது குறை. அக்குறை ஒரு குறிப்பிட்ட சூழலில் பயனர் முன் வெளிப்படுவது செயற்பிறழ்வு. குறை பல்லாண்டுகள் வெளிப்படாமல் உறங்கவும் கூடும். பிறழ்வு நிகழும் முன்னரே குறையைக் கண்டறிவது சோதனையாளர் கடமை. தவறு மீண்டும் நிகழாத வகையில் பணிமுறையைத் திருத்துவது மேலாளர் கடமை.

இவ்வேறுபாட்டை ஒரு வரலாற்று நிகழ்ச்சியைக் கொண்டு தெளிவுபடுத்தலாம். 1996ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள், தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ஏவூர்தி தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 40 வினாடிகளில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், அது திசை மாறிச் சிதறியது. அது சுமந்து சென்ற கிளஸ்டர் என்னும் நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

காரணம் இயந்திரக் கோளாறு அன்று, மென்பொருட் குறை. ஏவூர்தியின் நிலையையும் இயக்கத்தையும் அளந்தறியும் கருவியின் நிரல், முந்திய ஏரியான் 4 ஏவூர்தியிலிருந்து எடுத்தாளப்பட்டது. அந்நிரலின் ஒரு பகுதி, 64 பிட் பதின்ம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது. 16 பிட் இடத்தில் அடங்கக்கூடிய மிகப் பெரிய குறியுடைய எண் 32,767 மட்டுமே. ஏரியான் 4இன் பறப்புப் பாதையில் அவ்வெண் அவ்வெல்லையைத் தாண்ட வாய்ப்பில்லை. ஏரியான் 5 தொடக்கத்திலேயே மிகுந்த கிடைமட்ட விரைவு கொண்டது, எண் எல்லையைத் தாண்டியது, கருவி நின்றது. மாற்றாக வைக்கப்பட்டிருந்த இரண்டாம் கருவியும் அதே நிரலைக் கொண்டிருந்தமையால், அதே காரணத்தால் முன்னரே நின்றுவிட்டது. பழுதுபட்ட அப்பகுதி ஏவூர்தி புறப்பட்ட பின்னர் அதற்குத் தேவைப்படாத பணியையே செய்துகொண்டிருந்தது என்பது வருந்தத்தக்க செய்தி.

சாக் லூயி லியோன்சு தலைமையிலான விசாரணைக் குழு, ஒன்றரைத் திங்களில் தன் அறிக்கையை அளித்தது. ஏரியான் 5இன் உண்மையான பறப்புப் பாதையைக் கொண்டு அக்கருவி சோதிக்கப்படவே இல்லை என்பது அதில் தெரியவந்தது. ஒட்டுமொத்த முறைமைச் சோதனையிலும் உண்மையான கருவிக்குப் பதிலாக அதன் பாவனை நிரலே பயன்படுத்தப்பட்டது. விபத்துக்குப் பின் உரிய தரவைக் கொண்டு கணினியில் செய்துபார்த்தபோது அதே பிறழ்வு மீண்டும் தோன்றியது. எனவே, சோதித்திருந்தால் கண்டறிந்திருக்கலாம். சோதிக்க வேண்டுவதில்லை என்ற முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதே மேலாண்மை பயில்வோர் கேட்க வேண்டிய வினா. அதனைப் பின்னர்க் காண்போம்.

அனைத்தையும் சோதிக்க இயலாது

சோதனை மேலாளர் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டிய உண்மை, முழுமையான சோதனை என்பது இயலாது என்பதே. சோதனை குறைகள் இருப்பதைக் காட்டுமேயன்றி, இல்லை என்பதை நிறுவாது என்று நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்சகர் டைக்சுட்ரா எடுத்துரைத்தார்.

இதனை நம் மொழி சார்ந்த ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தொடக்கப்பள்ளி மாணவர்க்கான தமிழ்ப் பயிற்சிச் செயலி ஒன்று உருவாக்கப்படுவதாகக் கொள்வோம். மாணவர் விடையைத் தமிழில் தட்டச்சுச் செய்வர். செயலி அதனைத் திருத்தி மதிப்பெண் வழங்கும். நான்கு வகைக் கருவிகள், மூன்று இயக்கமுறைமைப் பதிப்புகள், மூன்று உலாவிகள், தமிழ்99, ஒலிபெயர்ப்பு என இரண்டு விசைப்பலகைகள் எனக் கொண்டால் சூழல்கள் 72 ஆகின்றன. தமிழெழுத்துகள் 247ஐயும் ஒவ்வொரு சூழலிலும் ஒருமுறை தட்டச்சுச் செய்து பார்ப்பதென்றால் 17,784 சோதனைகள் வேண்டும். ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழைக்கும் ஒருவர்க்கு 37 நாள்கள் செல்லும். இன்னும் ஒரு சொல்லைக்கூட நாம் சோதிக்கவில்லை.

ஆகவே தேர்ந்தெடுத்தலே சோதனைத் திட்டத்தின் உயிர்நாடி. ஒரே வகையாக நடந்துகொள்ளும் உள்ளீடுகளைத் தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்குச் சிலவற்றை மட்டும் சோதிப்பது ஒரு முறை. மதிப்பெண் 0 முதல் 100 வரை இருக்கலாம் என்றால், இடையிலுள்ள எல்லா எண்களையும் இட்டுப் பார்க்க வேண்டுவதில்லை. -1, 0, 1, 99, 100, 101 ஆகிய எல்லையோர எண்களே பெரும்பாலும் குறைகளை வெளிக்கொணரும். ஏரியான் 5இன் குறையும் எல்லையைத் தாண்டிய ஓர் எண்ணால் வெளிப்பட்டதே.

எழுத்துகளைத் தொகுக்க வேண்டுமாயின் மொழியறிவு இன்றியமையாதது. கா, கி போன்றவற்றில் உயிர்க்குறி மெய்யைத் தொடர்ந்து வருகிறது. கெ, கே, கை ஆகியவற்றில் அது முன்னே தோன்றுகிறது. கொ, கோ, கௌ ஆகியவற்றில் இருபுறமும் அமைகிறது. இவ்வகை ஒவ்வொன்றிலும் சில எழுத்துகளைச் சோதித்தால் போதும். கு, சு, டு, மு என்னும் உகர வரிசையோ மெய்தோறும் வடிவம் மாறுவது; ஊகார வரிசையும் அத்தன்மையதே. இவ்விரு வரிசையிலும் 36 எழுத்துகளையும் தனித்தனியே பார்ப்பதே பாதுகாப்பு. எங்கே பொதுமைப்படுத்தலாம், எங்கே பொதுமைப்படுத்தக் கூடாது என்பதைத் தமிழாசிரியரே முதலில் அறிவார். சோதனைக் குழுவில் பாட வல்லுநர் ஒருவர் இடம்பெற வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

சரியான விடைக்குத் தவறு என்னும் தீர்ப்பு

இவ்வகைச் செயலியில் எத்தகைய குறைகள் மறைந்திருக்கும் என்பதையும் இங்கே சுட்டுதல் தகும். யூனிகோடு முறையில் 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீட்டாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்னும் இரு குறியீடுகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ள வேண்டும் என்பதே யூனிகோடு விதி. நிரலர் அவ்விதியைக் கையாளாவிடில், 'கொடி' என்று பிழையின்றி எழுதிய மாணவனுக்குச் செயலி 'தவறு' என்று தீர்ப்பளிக்கும். அவன் எத்தனை முறை பார்த்தாலும் தன் தவறு யாதென அறியான், ஆசிரியரும் அறியார்.

அகரவரிசையிலும் இடர்ப்பாடு உண்டு. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. குறியீட்டு எண்ணை மட்டும் கொண்டு சொற்களை வரிசைப்படுத்தினால் 'மனம்' முன்னும் 'மலர்' பின்னுமாக நிற்கும். தமிழ் நெடுங்கணக்கின்படி 'மலர்' அன்றோ முன்வர வேண்டும்? 'தமிழ்' என்னும் சொல்லில் நம் கணக்கில் எழுத்துகள் மூன்று. கணினி எண்ணும் குறியீடுகள் ஐந்து. மூன்றெழுத்துச் சொல் எழுதுக என்னும் பயிற்சியில் இவ்வேறுபாடு பெருங்குழப்பம் விளைவிக்கும்.

மாணவர் பெயர்ப் பதிவிலும் இவ்வாறே. மலேசியத் தமிழர் பெயர்களில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்னும் குறிகளும், சிங்கப்பூர்த் தமிழர் பெயர்களில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்னும் குறிகளும் இடம்பெறுவதுண்டு. பெயரில் சாய்கோடு வாரா என்று எங்கோ ஒரு நிரலர் எண்ணியிருந்தால், நம் மாணவர் தம் பெயரைப் பதிவு செய்யவே இயலாது. பயன்படுத்துவோர் யார் என்பதை அறியாமல் வகுக்கும் சோதனைத் திட்டம் குறையுடையது என்பதற்கு இவை சான்றுகள்.

திட்டமும் காலமும்

சோதனைத் திட்டம் என்பது எழுத்து வடிவில் அமையும் உடன்பாடு. எவற்றைச் சோதிக்கப் போகிறோம், எவற்றைச் சோதிக்காமல் விடுகிறோம், எவர் சோதிப்பர், எக்கருவிகள் வேண்டும், எந்நிலையில் தொடங்கலாம், எந்நிலை எய்தினால் நிறுத்தலாம் ஆகியவை அதில் தெளிவாக இடம்பெற வேண்டும். சோதனைகளையும் படிநிலைகளாக வகுப்பர். நிரலின் சிறு பகுதியைத் தனியே பார்ப்பது அலகுச் சோதனை. பகுதிகளை இணைத்துப் பார்ப்பது ஒருங்கிணைப்புச் சோதனை. முழுமையாக இயக்கிப் பார்ப்பது முறைமைச் சோதனை. பயன்படுத்துவோரே பார்த்து ஏற்பது ஏற்புச் சோதனை. எழுத்துப்பயிற்சி, சொற்றொடர்ப் பயிற்சி, கட்டுரை, பொதுத்தேர்வு என்று நாம் மாணவரை அழைத்துச் செல்லும் வரிசையோடு இதனை ஒப்பிடலாம்.

காலப் பங்கீட்டில்தான் பெரும்பாலான திட்டங்கள் தடுமாறுகின்றன. ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயக்கமுறைமை உருவாக்கத்திற்குத் தலைமை தாங்கிய பிரெடெரிக் புரூக்சு, 1975இல் வெளியிட்ட 'தி மித்திக்கல் மேன்-மந்த்' என்னும் நூலில் தம் பட்டறிவால் கண்ட ஒரு பங்கீட்டைத் தருகிறார். மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிடலுக்கு. ஆறில் ஒரு பங்கு நிரல் எழுதுவதற்கு. நான்கில் ஒரு பங்கு பகுதிச் சோதனைக்கு. எஞ்சிய நான்கில் ஒரு பங்கு முழு முறைமைச் சோதனைக்கு. நம் தமிழ்ச் செயலிக்குப் பன்னிரண்டு வாரங்கள் உண்டெனில், நான்கு வாரம் திட்டமிடல், இரண்டு வாரம் நிரலாக்கம், ஆறு வாரம் சோதனை என்று அமையும். பாதிக் காலம் சோதனைக்கா என்று வியப்போர் உளர். நிரலாக்கம் நீளும்போது, வெளியீட்டு நாள் மாறாதிருக்க, இடையே நசுங்குவது சோதனைக் காலமே. ஆறு வாரம் மூன்றாகி, மூன்று ஒன்றாகிவிடும்.

அந்நிலையில் ஆள்களைக் கூட்டினால் போதும் என்று எண்ணுவது இயல்பு. காலந்தாழ்ந்த மென்பொருட் பணியில் ஆள்களைச் சேர்ப்பது மேலும் காலத்தைத் தாழ்த்தும் என்பதும் புரூக்சின் முடிபே. புதியவர்க்குப் பழகியவர் கற்பிக்க வேண்டும். அதனால் பழகியவர் பணியும் குன்றும். நால்வர் குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் வழிகள் ஆறு. எண்மர் ஆனால் அவை இருபத்தெட்டு. ஆள் இரு மடங்கானபோது செய்தித் தொடர்பு நான்கு மடங்கிற்கும் மேலாகிறது. ஆகவே, காலம் குறையும்போது மேலாளர் செய்யத்தக்கது, எவற்றை விடலாம் என்பதை இடர்ப்பாட்டின் அளவை நோக்கி மறுபடியும் முடிவு செய்தலே. மதிப்பெண் வழங்கும் பகுதியை முழுமையாகச் சோதித்து, பின்னணி வண்ணம் மாற்றும் பகுதியை ஒத்திவைக்கலாம். இதனைத் தலைகீழாகச் செய்தல் ஆகாது.

குழுவை அமைத்தலும் வழிநடத்தலும்

வினையை அதற்குரியவரிடம் ஒப்படைத்தல் பற்றித் திருக்குறள் 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. சோதனைக் குழுவிலும் ஒரே திறமுடையவரை மட்டும் திரட்டுவது நன்றன்று. நிரலின் உள்ளமைப்பை அறிந்தவர் ஒருவர். மீண்டும் மீண்டும் செய்ய வேண்டிய சோதனைகளைத் தானியங்கு நிரலாக எழுத வல்லவர் ஒருவர். பாடத்தை அறிந்தவர் ஒருவர். முன்னறிவு எதுவுமின்றிப் பயனர் நிலையில் நின்று குடைந்து குடைந்து பார்க்கும் இயல்புடையவர் ஒருவர். இவர்களை இணைக்கும் தலைவர் ஒருவர் என ஐவர் அமைந்தால் நம் செயலிக்குப் போதுமானது.

திருத்தப்பட்ட நிரலால் முன்பு சரியாக இயங்கிய பகுதி கெட்டுவிடுவதுண்டு. ஆகவே ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் பழைய சோதனைகளை மறுபடியும் நடத்துதல் வேண்டும், இதுவே மீள்சோதனை. இதனை இயந்திரத்திடம் விடுவது நன்று. இயந்திரம் சலிப்படையாது. முன்பு எவரும் எண்ணாத வழியில் சென்று பார்ப்பதோ மனிதர்க்கே உரியது. மனிதரை இயந்திர வேலையில் ஈடுபடுத்தும் குழுவில் ஊக்கம் குன்றும், கூர்மையும் மழுங்கும்.

சோதனையாளர் கண்டறிந்த குறைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அவர்தம் திறனை அளப்பது மற்றொரு தவறு. எண்ணிக்கையே அளவுகோலானால், எளிய எழுத்துப்பிழைகள் நூறு பதிவாகும். தேடிக் கண்டறிய மூன்று நாள் செல்லும் ஒரு பெருங்குறையை எவரும் தேடார். அவ்வாறே நிரலரின் திறனைக் குறைகளின் எண்ணிக்கையால் அளந்தால், குறை கண்டவர் பகைவராவார். விடைத்தாளில் இட்ட சிவப்புக் கோடுகளை எண்ணி எந்த ஆசிரியரையும் நாம் மதிப்பிடுவதில்லை.

குறையைத் தெரிவிக்கும் முறை

'செயலி இயங்கவில்லை' என்று எழுதுவது பிழை அறிக்கை ஆகாது. எச்சூழலில், எப்படிகளைச் செய்தபோது, எதனை எதிர்பார்த்தோம், எதனைக் கண்டோம் என்னும் நான்கும் அதில் இருத்தல் வேண்டும். 'கைக்கணினியில், தமிழ்99 விசைப்பலகையில், மூன்றாம் பயிற்சியின் முதல் வினாவுக்குக் கொடி என்று விடையளித்தோம். சரி என வரும் என எதிர்பார்த்தோம். தவறு என வந்தது. ஐந்து முறை செய்தபோதும் அவ்வாறே' என்று எழுதினால், நிரலர் உடனே செயலில் இறங்கலாம்.

ஒவ்வொரு குறைக்கும் கடுமை, முன்னுரிமை என இரு மதிப்பீடுகள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. எவரும் அரிதாகவே திறக்கும் ஒரு பக்கத்தில் செயலி நின்றுவிடுவது கடுமையான குறை. எனினும் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். தமிழ் கற்பிக்கும் செயலியின் முகப்பில் ஒற்றுப்பிழை இருப்பது இயக்கத்தைச் சிறிதும் பாதியாது; ஆயினும் அதனை அன்றே திருத்த வேண்டும். பிழையான தமிழோடு தமிழ் கற்பிக்கப் புகும் செயலியை எந்தப் பள்ளி நம்பும்?

அறிக்கையின் சொன்னடையும் எண்ணத்தக்கது. 'உங்கள் நிரல் தவறு' என்பது ஆளைச் சுட்டுகிறது. 'இவ்வுள்ளீட்டிற்கு இவ்விடை வருகிறது' என்பது வினையைச் சுட்டுகிறது. உள்ளது ஒன்றாயினும் விளைவு வேறு. இவ்வொழுங்கைச் சோதனை மேலாளர் தம் அறிக்கைகளில் முதலில் கடைப்பிடித்தால் குழுவினர் தாமே பின்பற்றுவர்.

அறிக்கை எழுதப்பட்டால் போதாது. அதனைப் படித்துச் செயலாற்றும் பொறுப்பு ஒருவரிடம் இருத்தல் வேண்டும். 2012ஆம் ஆண்டு ஆகத்து 1ஆம் நாள், அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனத்தில் புதிய நிரல் எட்டு வழங்கிகளுள் ஏழில் மட்டுமே நிறுவப்பட்டிருந்தது. எட்டாவதில் எஞ்சியிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, சுமார் 45 நிமிடங்களில் வேண்டாத பங்குகளை வாங்கிக் குவித்தது. 40 கோடி அமெரிக்க டாலருக்கும் மேற்பட்ட இழப்பு நேர்ந்தது. சந்தை திறக்கும் முன்னரே அந்நிறுவனத்தின் கணினிகள் பிழையைக் குறிப்பிடும் 97 மின்னஞ்சல்களைத் தம் ஊழியர்க்கு அனுப்பியிருந்தன. அவற்றை எச்சரிக்கையாகக் கருதிப் படித்துச் செயற்படும் ஏற்பாடு இல்லை. எச்சரிக்கை இல்லாமற் போனதைவிட, இருந்தும் கேட்பார் இல்லாமற் போனது பெரிய குறை.

வெளியிடலாமா என்னும் வினா

வெளியீட்டு நாள் நெருங்கும்போது சோதனை மேலாளரின் உண்மையான தேர்வு தொடங்குகிறது. விளம்பரம் வெளிவந்துவிட்டது, பள்ளிகள் காத்திருக்கின்றன, மேலிடம் 'முடிந்ததா?' என்று கேட்கிறது. 'முடிந்தது' என்னும் ஒரு சொல் அனைவர்க்கும் இனிக்கும். அச்சொல்லை ஆராயாமல் சொல்வதற்கு அவர்க்கு உரிமையில்லை.

வெளியிடுவதா, ஒத்திவைப்பதா என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் சோதனை மேலாளர் அல்லர். வணிகம், செலவு, கொடுத்த வாக்கு ஆகிய பலவற்றை எண்ணி மேலிடம் முடிவெடுக்கும். அம்முடிவிற்கு வேண்டிய உண்மையை உள்ளவாறு எடுத்துவைப்பதே சோதனை மேலாளரின் கடமை. இதற்குப் பயன்படும் வழிகள் மூன்று.

முதலாவது, நிறுத்தும் அளவுகோலைத் தொடக்கத்திலேயே வகுத்தல். 'மதிப்பெண் வழங்கும் பகுதியில் கடுமையான குறை ஒன்றும் எஞ்சியிருத்தல் ஆகாது' என்று முதல் வாரத்தில் எழுதிக் கையொப்பமிட்டிருந்தால், இறுதி வாரத்தின் நெருக்கடியில் அதனைத் தளர்த்துவது கடினம்.

இரண்டாவது, சோதனைக் குழுவின் தலைவர், காலக்கெடுவிற்குப் பொறுப்பான நிரலாக்கத் தலைவர்க்குக் கீழ்ப்படாமல், அவர்க்கும் மேலுள்ளவரிடம் நேரே தெரிவிக்கும் உரிமை பெற்றிருத்தல். தன் மதிப்பெண்ணைத் தானே இட்டுக்கொள்ளும் தேர்வை நாம் தேர்வென்று கொள்வதில்லை.

மூன்றாவது, சோதிக்கப்படாதவற்றின் பட்டியல். சோதித்தவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது எளிது. எவற்றைச் சோதிக்கவில்லை, ஏன் சோதிக்கவில்லை, அதனால் என்ன நேரலாம், அவ்விடர்ப்பாட்டை ஏற்றுக்கொண்டவர் யார் என்று ஒரு பக்கம் எழுதுவதே அரிது.

ஏரியான் 5 நிகழ்ச்சிக்கு இங்கே மீள்வோம். அக்கருவியின் நிரலில் எல்லை தாண்டக்கூடிய எண்கள் ஏழு இருப்பதை அதனை உருவாக்கியோர் அறிந்தே இருந்தனர். நான்கிற்குப் பாதுகாப்பு அளித்தனர். கணினியின் பணிச்சுமை 80 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்னும் வரம்பால் மூன்றினை விட்டுவிட்டனர். அம்முடிவு தனியொருவர் செய்ததன்று. ஒப்பந்தத்தின் பல நிலைகளில் உள்ளோர் கூடி ஒப்பியதே. எனினும் அம்முடிவிற்கான காரணம் நிரலிலேயே குறிக்கப்படவில்லை. வெளியார் எளிதில் காணும் இடத்திலும் இல்லை. ஏரியான் 5இன் பறப்புப் பாதை அக்கருவியின் தேவை ஆவணத்தில் சேர்க்கப்படவும் இல்லை. அனைவரும் ஒப்பிய முடிவு, எவரும் மறுபடி பார்க்காத முடிவாயிற்று. 'இவை மூன்றும் பாதுகாக்கப்படவில்லை. ஏரியான் 4இன் பாதைக்கு மட்டுமே இது பொருந்தும்' என்னும் ஒரு வரி கண்ணில் படும் இடத்தில் இருந்திருந்தால், புதிய ஏவூர்தியின் சோதனையாளர் அதனைக் கேள்விக்கு உட்படுத்தியிருக்க வாய்ப்புண்டு.

ஆகவே சோதிக்கப்படாதவற்றின் பட்டியல், பழிதூற்றுவதற்கான ஆவணம் அன்று. இன்றைய குழு நாளைய குழுவிற்கு விட்டுச்செல்லும் எச்சரிக்கை அது.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

மாணவர்கள் இன்று பள்ளியிலேயே நிரல் எழுதக் கற்கின்றனர். அவர்கட்குச் சோதனை முறையையும் உடன் கற்பிக்கலாம். இரு குழுக்கள் எழுதிய நிரல்களை மாற்றிக்கொண்டு, ஒன்றை மற்றொன்று சோதிக்கச் செய்யலாம். தாம் எழுதியதில் தமக்குப் புலப்படாத குறை பிறர்க்கு உடனே புலப்படுவதை மாணவர் தாமே உணர்வர். சோதிக்கும் குழு, சூழல், படி, எதிர்பார்ப்பு, கண்டது என்னும் நான்கு பகுதிகளோடு தமிழில் அறிக்கை எழுத வேண்டும். தெளிவான உரைநடைக்கு இதனினும் நல்ல பயிற்சி அரிது. இறுதியில் ஒவ்வொரு குழுவும் தான் சோதிக்காமல் விட்டவற்றைப் பட்டியலிட்டுக் காரணம் கூற வேண்டும்.

தமிழாசிரியர்க்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கணித்தமிழ் அறிஞர்கள் கூடி இணையத்தில் தமிழின் நிலைபற்றி ஆராய்ந்த நாள்தொட்டு, எழுத்துருவும் குறியீடும் விசைப்பலகையும் ஓரளவு ஒழுங்குபட்டு வந்துள்ளன. அவற்றின்மேல் எழுப்பப்படும் கற்றல் செயலிகள் நம் மொழியை உள்ளவாறு கையாளுகின்றனவா என்பதைத் தமிழறிந்தோர் பார்த்துச் சொல்ல வேண்டும். பள்ளியில் பயன்படும் ஒரு செயலி சரியான விடையைத் தவறென்று காட்டினால், சலிப்புற்று அதனை ஒதுக்கிவிடாமல், நான்கு வரியில் முறையான அறிக்கை எழுதி உருவாக்கியோர்க்கு அனுப்புதல் நன்று.

முடிவுரை

சோதனைத் திட்டத்தை வழிநடத்துவோர் அனைத்தையும் சோதிக்க இயலாது என்பதை ஏற்று, இடர்ப்பாட்டிற்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். சோதனைக்குரிய காலத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிக் காக்க வேண்டும். பல்வேறு திறமுடையோரைக் குழுவில் சேர்த்து, எண்ணிக்கையால் அளக்காமல், வினையை நோக்கிப் பேசும் ஒழுங்கை வளர்க்க வேண்டும். சோதித்தவற்றோடு சோதிக்காதவற்றையும் எழுதி, உரியவர் கையில் சேர்ப்பிக்க வேண்டும்.

இவை அனைத்தும் எவர்பொருட்டு என்பதையும் மறத்தலாகாது. திரையின் முன் அமர்ந்து 'கொடி' என்று சரியாக எழுதிய மாணவனுக்குச் செயலியின் உள்ளமைப்புத் தெரியாது. தவறு என்று வந்தால், தான் கற்ற தமிழையே ஐயுறுவான். அவ்வையம் அவன் உள்ளத்தில் எழாமல் காப்பதே நம் எடுத்துக்காட்டில் வந்த ஐவர் குழுவின் பணி.